கையிருப்பு நாலு ரூபா

படித்தவர்கள் பட்டினி கிடக்கமாட்டார்கள் என்று என் அம்மா உறுதியாக நம்பியிருந்தார். கௌரி எங்கள் வீட்டுக்குக் குடிவந்து மூன்று மாதத்துக்குள் அந்த நம்பிக்கை போய்விட்டது. அதற்குப் பிறகு பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்து "படி, படி" என்று சொல்வதையும் அம்மா விட்டுவிட்டார்.

கௌரியைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் எனக்கு முதலில் கோபந்தான் வருகிறது. கோபத்தில் எழுதினால் ஒன்று பத்தாகிவிடும் என்று பலமுறை பேனாவை மூடிவைத்திருக்கிறேன். இந்தமுறை மூடப்போவதில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாலே போதும், கூட்டிச் சொல்ல அதில் இடமே இல்லை.

1944ஆம் ஆண்டு. யுத்தம் முடிந்தபாடில்லை. கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஓர் அறையும் ஒரு விறாந்தையும் குசினியுமாக எங்கள் வீடு. அப்பா துறைமுகத்தில் வேலை செய்து, அங்கேயே மூச்சை விட்டவர். மிச்சம் அம்மாவும் நானும். என் பெயர் மரியா. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, டைப்பிங் பழகி, கோட்டையில் ஒரு கப்பல் கம்பனிக் கந்தோரில் டைப்பிஸ்டாக இருந்தேன். யுத்தப்படியும் சேர்த்து மாதம் நூற்றுப்பத்து ரூபா என் கைக்கு வரும்.

கௌரி யாழ்ப்பாணம் சுழிபுரத்துப் பெண். தாவரவியலில் முதலாம் வகுப்பில் தேறி, பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தாள். வெள்ளவத்தைக் கடற்கரைப் பாறைகளில் வளரும் கடற்பாசிகளை வகைப்படுத்தி எழுதுவது அவளுடைய ஆராய்ச்சி. அதற்காக அவளுக்கு மாதம் எழுபத்தைந்து ரூபா. எட்டாம் வகுப்புக்காரிக்கு நூற்றுப்பத்து, முதலாம் வகுப்பில் தேறியவளுக்கு எழுபத்தைந்து. இதைக் கேட்டபோது அம்மா என்னைப் பார்த்து, "நல்ல வேளை, ஒனக்குப் படிப்பு ஏறல்ல" என்றார்.

அந்தக் காசு கிரெஞ்சர் நிதியிலிருந்து வந்தது. ஊவாவில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த கிரெஞ்சர் என்ற வெள்ளைக்காரர் பிள்ளைகுட்டி இல்லாமல் இறந்தபோது, விஞ்ஞானம் படிக்கிறவர்களுக்கு என்று எழுதிவைத்துவிட்டுப் போன பணம். 1935இல் எழுபத்தைந்து ரூபா என்று தீர்மானித்தார்கள். அன்றைக்கு அது நல்ல தொகைதான். பிறகு யுத்தம் வந்தது, விலைவாசி தலைகீழானது. நிதியின் தர்மகர்த்தாக்களுக்கு மட்டும் 1935 முடியவில்லை. உதவிப்பணம் வாங்குகிறவர்கள் வேறு வேலை செய்து சம்பாதிக்கக்கூடாது, ரியூசன்கூடக் கொடுக்கக்கூடாது. நிதி அங்கீகரித்த பட்டியலில் உள்ள வீடுகளில் ஒன்றில்தான் தங்கவேண்டும். இந்த இரண்டு விதிகளும் கையையும் காலையும் சேர்த்துக் கட்டியமாதிரி.

பட்டியலில் பெண்களுக்கு இருந்தவை நாலைந்து வீடுகள், எல்லாமே வெள்ளவத்தையில். கௌரி தங்கியது இரத்தினம்மா என்ற விதவையின் போர்டிங்கில். பட்டியலில் போட்டிருந்த கட்டணம் நாற்பத்தைந்து ரூபா. ஜப்பான்காரன் குண்டு போட்ட வருடம் ஊரைவிட்டு ஓடியவர்கள் எல்லாரும் திரும்பிவந்து, பட்டாளத்து அதிகாரிகளும் வீடு தேடத் தொடங்கியபின், இரத்தினம்மா ஐம்பதாக்கினார், பிறகு அறுபதாக்கினார். அவரைக் குறை சொல்லியும் பயனில்லை, அவருக்கு வீட்டு வாடகை ஏறியிருந்தது. அறுபது போனால் கௌரியிடம் மிச்சம் பதினைந்து. அதில் பத்து ரூபாவை மணியோடரில் வீட்டுக்கு அனுப்புவாள். மகளுக்கு வெள்ளைக்காரனின் நிதியிலிருந்து சம்பளம் வருகிறது என்று அவளுடைய ஐயா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அனுப்பாமல் விட்டால் அவருக்கு மானம் போய்விடும். மீதி ஐந்து ரூபாவில் ரயில், சவர்க்காரம், காகிதம், கண்ணாடிக் குப்பி எல்லாம் அடங்காமல் கடைகளில் கடன் ஏறியது.

என்னோடு கந்தோரில் வேலை செய்த ஒரு யாழ்ப்பாணத்துப் பெண் மூலம் கௌரி எங்களிடம் வந்தாள். என் அறையில் பாதியும் சாப்பாடும் இருபத்தைந்து ரூபா என்று பேசினோம். ஆனால் கொட்டாஞ்சேனை பட்டியலில் இல்லை. துறைமுகத்தை அண்டிய இடம், சிப்பாய்களும் மாலுமிகளும் திரிகிற இடம், கௌரவமான பெண்கள் இருக்கத் தகுந்ததல்ல என்பது நிதியின் எண்ணம். நான் அங்கேயே பிறந்து இருபத்தாறு வயது வரை இருந்தவள். என் கௌரவத்தில் யாரும் ஒரு குறை கண்டதில்லை.

அதனால் பெயர் வெள்ளவத்தையிலும் ஆள் கொட்டாஞ்சேனையிலும் இருப்பது என்று ஒரு ஏற்பாடு நடந்தது. இரத்தினம்மா சம்மதித்தார், ஆனால் சும்மா சம்மதிக்கவில்லை.

"பேர் இஞ்சை இருக்கட்டும் பிள்ளை. கடிதம் வந்தால் எடுத்து வைக்கிறன்," என்றாராம். "ஆனால் உம்மடை கூப்பன் புத்தகமும் இஞ்சைதான் இருக்கவேணும். நாளைக்கு ஆரும் வந்து கேட்டால் நான் எதைக் காட்டுறது?"

கூப்பன் புத்தகம் வெள்ளவத்தையில் இருந்தால் அதற்குக் கிடைக்கும் பங்கீட்டு அரிசியும் வெள்ளவத்தையில்தான். கௌரியின் பங்கு அரிசி இரத்தினம்மாவின் மற்றப் போர்டர்களின் வயிற்றுக்குள் போனது. எங்கள் வீட்டிலோ இரண்டு புத்தகத்துக்கு மூன்று வாய். பாணும் சம்பலும், மரவள்ளிக்கிழங்கு, குதிரைக்குப் போடுகிற தானியம் என்று எல்லாரும் திட்டிக்கொண்டே தின்ற பாஜிரி, இவைதான் எங்கள் சாப்பாடு. சோறு வைக்கிற நாளில் அம்மா மூன்று கோப்பையிலும் சரிசமமாகப் போடுவார். கௌரி தன் கோப்பையில் பாதியைச் சட்டிக்குள் திருப்பிப் போடுவாள்.

"லாபிலை சாப்பிட்டிட்டன் அம்மா. வயிறு நிறைஞ்சிருக்கு," என்பாள்.

அவள் காலையில் கோட்டைக்கு நடந்து போய் வெள்ளவத்தைக்கு ரயில் ஏறுவாள். கடல் வற்றியிருக்கும் நேரம் பார்த்துப் பாறைகளில் இறங்கி, பாசிகளைக் கத்தியால் சுரண்டி, கடல்தண்ணீர் உள்ள தகர டின்னில் போட்டுக்கொண்டு பல்கலைக்கழக லாபுக்குப் போவாள். அங்கே முடியாததை வீட்டுக்கும் கொண்டுவருவாள். தட்டில் தண்ணீர் விட்டுப் பாசியை மிதக்கவிட்டு, கீழே ஒரு கெட்டித்தாளை நுழைத்து, இழை இழையாக விரித்து மெதுவாகத் தூக்குவாள். தாளில் அது வரைந்த படம்போல் ஒட்டிக்கொள்ளும். மேலே துணி போட்டு அம்மாவின் இரும்புப் பெட்டிக்கு அடியில் அழுத்திவைப்பாள். அறை முழுக்கக் கருவாட்டு நாற்றம்.

"பசிக்கிற காலத்துல திங்க முடியாத கீரையையா பறிச்சிட்டு வாறாய் பிள்ளை?" என்று அம்மா கேட்டார். கௌரி விழுந்து விழுந்து சிரித்தாள். அப்படிச் சிரித்ததை நான் பார்த்தது அந்த ஒருதரந்தான்.

லாபில் சாப்பிட்டேன் என்பது பச்சைப் பொய் என்று எனக்குத் தெரியவந்தது நிலாம் மூலம். நிலாமும் அதே நிதியில் உதவிப்பணம் வாங்கிய ஆராய்ச்சி மாணவர், இரசாயனம். மனைவி றமீலாவோடும் கைக்குழந்தையோடும் தெஹிவளையில் ஒரு கடைக்குப் பின்னால் ஓர் அறையில் இருந்தார். மணமானவர் என்பதால் அவருக்கு அந்த வீட்டுப் பட்டியல் இல்லை. கௌரியின் ஆராய்ச்சிக்கு டைப் அடித்த தாள்களைக் கொடுக்க நான் ஒருநாள் மத்தியானம் பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தேன். கௌரி வெளியே குழாயடியில் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றாள்.

"மிஸ்ஸுக்கு இன்டைக்கும் விரதம்," என்றார் நிலாம். "வெள்ளிக்கெழம விரதம், செவ்வாக்கெழம விரதம், சனிக்கும் விரதம். எங்களுக்கு வருசத்துல ஒரு மாசம் நோன்பு. இவங்களுக்கு வருசம் முழுக்க."

அவர் பகிடியாகத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. லாபில் கேட்டால் விரதம், வீட்டில் கேட்டால் லாபில் சாப்பிட்டாயிற்று. ஊரில் உள்ள அத்தனை சாமிகளையும் பொய்ச்சாட்சிக்கு இழுத்துவைத்திருக்கிறாளே என்று எரிச்சல் வந்தது. அன்று வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன்.

"பசிக்குது எண்டு சொன்னா வாய் வலிக்குமா?"

"ஆற்றையும் வீட்டிலை போய்ப் பசிக்குதெண்டு சொல்லி எனக்குப் பழக்கமில்லை, மரியா," என்றாள். "எங்கடை பக்கம் ஆரும் அப்பிடிச் சொல்லமாட்டினம்."

டிசம்பரில் நிதிக்கு வருடாந்தக் கணக்குக் கொடுக்கவேண்டும். மாதத்துக்கு என்ன செலவு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுப்பது. கௌரிக்கு அது பெரிய தலையிடி. கொட்டாஞ்சேனை என்று எழுதினால் உதவிப்பணம் போய்விடும். வெள்ளவத்தை அறுபது ரூபா என்று எழுதவும் வழியில்லை. பட்டியலில் நாற்பத்தைந்து என்று இருக்க அறுபது வாங்கியது தெரிந்தால் தன் பெயரை வெட்டிவிடுவார்கள் என்று இரத்தினம்மா கையைப் பிடித்துக் கெஞ்சியிருந்தார். ஆகவே தங்குமிடமும் சாப்பாடும் வெள்ளவத்தையில் நாற்பத்தைந்து என்று போட்டோம். ரயில், புத்தகம், உடுப்பு, சில்லறை என்று மற்றவற்றையும் போட்டோம். வீட்டுக்கு அனுப்பும் பத்து ரூபா வேறு வேறு பெயர்களில் உள்ளே போனது. நான்தான் கந்தோர் மெஷினில் டைப் அடித்தேன்.

இனிச் சொல்லப்போவது என் பிழை. எங்கள் கந்தோரில் சில்லறைக்காசுக் கணக்கு ஒருநாளும் பூச்சியத்தில் முடியக்கூடாது. பூச்சியத்தில் முடிந்தால் கணக்கை இழுத்துப் பொருத்தியிருக்கிறார்கள் என்று மேலிடத்தில் சந்தேகம் வரும், திருப்பி அனுப்புவார்கள். அதனால் கடைசி வரியில் கையிருப்பு என்று இரண்டோ மூன்றோ ரூபா காட்டுவது வழக்கம். ஆறு வருடமாக அப்படியே அடித்து அடித்து என் விரலுக்கு அது பழகிவிட்டது. கௌரியின் செலவுகளைக் கூட்டினால் சரியாக எழுபத்தைந்து வந்தது. நான் இரண்டு இடத்தில் இரண்டிரண்டு ரூபா குறைத்து, எழுபத்தொன்று ஆக்கி, கடைசியில் "கையிருப்பு நாலு ரூபா" என்று அடித்தேன்.

"நாலு ரூபா எங்கை இருக்கு?" என்று கேட்டாள் கௌரி.

"பேப்பர்ல இருக்குது. வேற எங்க இருக்கணும்? பூச்சியம் காட்டினா தோண்டித் தோண்டிக் கேப்பாங்க. நீ கையெழுத்தைப் போடு."

அவள் போட்டாள். எனக்குக் கணக்கு தெரியும் என்று நம்பினாள்.

அடுத்த மாதம், 1945 ஜனவரியில், நிலாம் ஒரு மனு எழுதினார். கிரெஞ்சர் நிதியில் அப்போது நாலு பேர் உதவிப்பணம் வாங்கினார்கள். யுத்தகால விலைவாசியில் எழுபத்தைந்து ரூபாவில் வாழ முடியவில்லை, நூறாக உயர்த்தித் தாருங்கள் என்று நாலு பேரும் கையெழுத்து வைத்தார்கள். அதையும் டைப் அடித்தவள் நானே. நல்ல மனு. குழந்தைக்குப் பால்மா வாங்கும் விலையைக்கூட நிலாம் அதில் எழுதியிருந்தார். அடிக்கும்போது, இது எப்படியும் கிடைத்துவிடும் என்றுதான் நினைத்தேன். நூறு ரூபா வந்தால் கௌரி தைரியமாக வெள்ளவத்தைக்கே திரும்பிப் போகலாம், கூப்பன் புத்தகத்தையும் திருப்பி வாங்கலாம், மிச்சமிருந்த ஒரு வருடத்தில் ஆராய்ச்சியை எழுதி முடிக்கலாம். நூற்றுப் பன்னிரண்டு தாள்கள் ஒட்டியாகியிருந்தன. இன்னும் நாற்பது வகைக்கு மேல் பாக்கி.

நிதியின் செயலாளர் சிவபாதசுந்தரம் என்ற பெரிய மனிதர். ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தர். வெள்ளவத்தையில் ஒரே ஒழுங்கையில் அவருக்கு நாலு வீடுகள். அதில் ஒன்றைத்தான் இரத்தினம்மா வாடகைக்கு எடுத்துப் போர்டிங் நடத்தினார். அறுபது ரூபாவாகக் கட்டணம் ஏறியது ஏன் என்று அந்த வீட்டுக்காரரைவிட நன்றாகத் தெரிந்தவர் கொழும்பில் இருந்திருக்க முடியாது. மனுக் கொடுத்த நாலு பேரையும் சிவபாதசுந்தரம் தன் வீட்டுக்கு அழைத்தார். அங்கே நடந்ததைக் கௌரியும் நிலாமும் தனித்தனியே எனக்குச் சொன்னார்கள். இரண்டு பேர் சொன்னதும் ஒன்றுதான்.

முன்விறாந்தையில் நாலு நாற்காலி போட்டு உட்காரவைத்து, தேத்தண்ணியும் கொடுத்து, மனுவை ஒரு பக்கமாக வைத்துவிட்டு, ஒரு தாளை எடுத்து வாசித்திருக்கிறார். கௌரியின் வருடாந்தக் கணக்கு. தங்குமிடம் நாற்பத்தைந்து என்று தொடங்கி ஒவ்வொரு வரியாக வாசித்து, கடைசி வரியில் நிறுத்தினாராம்.

"நாலு ரூபா மிச்சம். மாதம் மாதம்," என்றாராம். "வெள்ளவத்தையிலை மரியாதையா இருந்து, நல்லாச் சாப்பிட்டு, ஒரு பொம்பிளைப்பிள்ளை நாலு ரூபா மிச்சம் பிடிச்சிருக்கு. நீங்கள் ஆம்பிளையள் முடியாதெண்டு மனு எழுதிறியள். பிள்ளை, நீரும் ஏன் இவையோடை சேர்ந்து கையெழுத்து வைச்சனீர்?"

கௌரி வாய் திறக்கவில்லை. திறந்தால் உதவிப்பணம் போய்விடும். நிலாம் அவளைத் திரும்பிப் பார்த்திருக்கிறார். தர்மகர்த்தாக்களின் கூட்டம் அடுத்த சனிக்கிழமை, தன் சிபாரிசு மனுவை நிராகரிப்பது என்று செயலாளர் சொல்லி அனுப்பிவிட்டார்.

அன்று வீட்டுக்கு வந்து கௌரி இதைச் சொன்னாள். அந்த நாலு ரூபா என் விரலால் வந்தது. ஆனால் அவள் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. குறை சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"உண்மைக் கணக்கு ஒண்டு எழுதிக் குடுக்கப்போறன்," என்றாள். "நீர் அடிச்சுத் தாரும்."

"ஒனக்கு விசரா? கொட்டாஞ்சேனை எண்டு எழுதினா அந்த நிமிசமே காசு நிக்கும். ஒன்ட ஆராய்ச்சி என்னாகும்? ரெண்டு வருசப் பாடு."

"என்ரை கணக்காலை மூண்டு பேரின்ரை மனு போகுது. நிலாமின்ரை பிள்ளைக்குப் பால்மா இல்லை."

"அதுக்கு நீ ஏன் குழியில விழணும்?"

"குழியை நான்தானே வெட்டினது."

நான் அல்லவா வெட்டினேன் என்று சொல்ல வாய் எடுத்தேன். அவள் அதற்குள் எழுதத் தொடங்கிவிட்டாள். கொட்டாஞ்சேனையில் அறையும் சாப்பாடும் இருபத்தைந்து. வீட்டுக்கு அனுப்புவது பத்து. மிச்சத்தில் பெரும்பகுதி நிதியே கொடுத்திருக்கவேண்டிய குப்பிகள், தாள்கள், மருந்துகளுக்கும் அவற்றுக்காகப் பட்ட கடனுக்கும். கூப்பன் அரிசி இல்லாததால் வெளியே கறுப்புச் சந்தையில் வாங்கியது எவ்வளவு என்றும் எழுதினாள். அரிசி யார் கைக்குப் போனது என்பதை மட்டும் எழுதவில்லை. இரத்தினம்மாவைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. கையிருப்பு இல்லை. பெண்கள் நாற்பத்தைந்து ரூபாவுக்கு வெள்ளவத்தையில் இருக்க முடியாது என்பதால்தான் தான் பொய் சொன்னதாகவும், மற்ற மூவரும் சொன்னது முழு உண்மை என்றும் கீழே ஒரு பந்தி. நான் அதை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அடித்தேன். மூன்று தாள் பிழைத்துக் கிழித்தேன். என் ஆறு வருடச் சேவையில் அப்படிப் பிழைத்ததில்லை.

அதைக் கூட்டத்துக்கு அனுப்பிவிட்டு, தர்மகர்த்தாக்கள் என்ன செய்வார்கள் என்று நாங்கள் எல்லாவிதமாகவும் யோசித்துப் பார்த்தோம். கௌரியின் காசை நிறுத்திவிட்டு மற்றவர்களுக்கு உயர்த்துவார்கள், அல்லது எல்லாரையும் மன்னிப்பார்கள், அல்லது எல்லாரையும் திட்டுவார்கள். அவர்கள் செய்ததை மட்டும் நாங்கள் யோசிக்கவில்லை.

கூட்டம் முடிந்து நிதியிலிருந்து வந்த கடிதத்தில் இரண்டு தீர்மானங்கள் இருந்தன. பொய்க்கணக்குக் கொடுத்ததாலும் அங்கீகரிக்கப்படாத இடத்தில் தங்கியதாலும் செல்வி கௌரியின் உதவிப்பணம் பெப்ரவரி முடிவோடு நிறுத்தப்படுகிறது. இரண்டாவது, கொழும்பில் இருபத்தைந்து ரூபாவுக்குத் தங்குமிடமும் சாப்பாடும் கிடைப்பதாக அவரே எழுதியிருப்பதால், மற்ற மூவரின் உதவிப்பணத்தையும் உயர்த்த வேண்டிய அவசியம் இல்லை. மார்ச் மாதத்திலிருந்து அது அறுபது ரூபாவாகக் குறைக்கப்படும்.

பொய்யை வைத்தும் போதும் என்று சொன்னார்கள், உண்மையை வைத்தும் போதும் என்று சொன்னார்கள். நான் அந்தக் கடிதத்தைக் கிழிக்கப்போனேன். அம்மா பறித்து வைத்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் மாதா கோயில் பூசை முடிந்து வந்து கொஞ்ச நேரத்தில், நிலாம் எங்கள் வீட்டுக்கு வந்தார். அதற்குமுன் அவர் வந்ததில்லை. அம்மா பால் விடாத பிளேன்டித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். அவர் கோபமாக வந்தவர்தான், ஆனால் விறாந்தையில் காயப்போட்டிருந்த பாசித் தாள்களையும் அறையில் இருந்த ஒற்றைக் கட்டிலையும் கீழே சுருட்டியிருந்த பாயையும் பார்த்தபின் குரல் தணிந்துவிட்டது.

"மிஸ், நான் மறச்சிப் பேச மாட்டன்," என்றார். "நீங்க சும்மா ஈந்தா எனக்கு எழுவத்தஞ்சாச்சும் மிஞ்சியீக்கும். அறுவது ரூவாய்க்கு எனக்கு ஏலாது. உணவுக் கந்தோர்ல கிளார்க் வேல எடுத்திட்டன். நூத்தி இருவது ரூவா. நாளைலேந்து போறன்."

"ஆராய்ச்சி?" என்று கேட்டாள் கௌரி.

"அலுமாரில வெச்சுப் பூட்டியாச்சி."

கௌரியின் முகம் செத்துப்போய்விட்டது. எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

"அந்த நாலு ரூபாவைப் போட்டது நான்," என்றேன். "கௌரி இல்ல. கந்தோர்ப் பழக்கத்துல அடிச்சன். ஏசுறதெண்டா என்னை ஏசுங்க."

நிலாம் பிளேன்டியைக் கீழே வைத்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"நாலு ரூவா இல்லாட்டி அவரு மூணு ரூவாயக் கண்டுபிடிச்சீப்பாரு, தங்கச்சி. தரக்கூடாதெண்டு முடிவெடுத்தவனுக்குக் கணக்கா இல்ல?"

அவர் போன பிறகும் கௌரி அதே இடத்தில் இருந்தாள். அவருடைய பிளேன்டி பாதி ஆறிப்போய்க் கிடந்தது. ஒரு மனுசன் வந்து திட்டாமல் போனதுதான் எங்களுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மார்ச்சில் கௌரி வேலை தேடினாள். மருதானைப் பக்கம் ஒரு பெண்கள் பாடசாலையில் விஞ்ஞான ரீச்சர் வேலை சரிவரும்போல் இருந்தது. பட்டம் பெற்ற பிறகு இரண்டு வருடமாக என்ன செய்தாள் என்பதற்குக் கிரெஞ்சர் நிதியின் அத்தாட்சிக் கடிதம் வேண்டும் என்றார்கள். கேட்டு எழுதினாள். பதிலாக இன்னொரு கடிதம் வந்தது. நிதியின் பதினோராம் விதிப்படி, ஆண்டு முடிவில் செலவாகாமல் இருக்கும் பணம் நிதிக்குத் திருப்பிக் கொடுக்கப்பட வேண்டும். 1944ஆம் ஆண்டுக் கணக்கில் செல்வி கௌரி மாதம் நாலு ரூபா வீதம் நாற்பத்தெட்டு ரூபா கையிருப்புக் காட்டிக் கையொப்பமிட்டிருக்கிறார். அதைக் கட்டியபின் அத்தாட்சிக் கடிதம் வழங்கப்படும்.

எங்கள் இருவருக்கும் நடந்த ஒரே சண்டை அதற்குப் பிறகு நடந்தது. நாற்பத்தெட்டு ரூபாவையும் நான் கட்டுகிறேன் என்றேன்.

"அது நான் கையெழுத்து வைச்சது," என்றாள்.

"அது நான் அடிச்சது."

"உம்மடை காசை வாங்கிக் கட்டினால் நான் கள்ளி எண்டு ஒத்துக்கொண்ட மாதிரி."

"கட்டாட்டி வேல இல்ல. வேல இல்லாட்டி ஐயாவுக்குப் பத்து ரூபா எங்கேருந்து அனுப்புவாய்? பாசியையா மணியோடர் பண்ணுவாய்?"

அவள் பாயில் திரும்பிப் படுத்துக்கொண்டாள். காலையில் எழும்பி, "கடனாகத் தாரும்" என்றாள். அடுத்த சம்பளத்தில் கொடுத்தேன்.

ஒரு சனிக்கிழமை காலை இரண்டு பேருமாக வெள்ளவத்தைக்குப் போனோம். சிவபாதசுந்தரம் குளித்து, திருநீறு பூசி, முன்விறாந்தையில் இருந்தார். மரியாதையான மனிதர், எங்களை நிற்கவைத்துப் பேசவில்லை. கௌரி காசை மேசையில் வைத்தாள். அவர் எண்ணத் தொடங்குமுன் நான் கேட்டேன்.

"சேர், இந்தக் கணக்கு பொய் எண்டுதானே இவட காசை நிப்பாட்டினீங்க? பொய்க் கணக்குல உள்ள மிச்சக் காசை எப்பிடிக் கேப்பீங்க?"

அவர் கோபிக்கவில்லை. நான் விளங்காத பிள்ளை என்பதுபோல் பொறுமையாகச் சொன்னார். "பொய்யோ மெய்யோ, கையெழுத்து வைச்ச கணக்குப் பிள்ளை. ஓடிற்றர் வந்து இந்த நாலு ரூபா எங்கையெண்டு கேட்டால் நான் என்ன சொல்லுறது?"

நான் மேசையில் இருந்த காசை அவர் பக்கம் நகர்த்தினேன். ஆறு வருடமாக அப்படிக் கணக்குப் பார்க்க வரும் ஓடிற்றருக்குப் பயந்து கையிருப்பு அடித்தவள் நான்.

அவர் நோட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணினார். நாற்பத்தெட்டு சரியாக இருந்தது. பற்றுச்சீட்டு எழுதி, அத்தாட்சிக் கடிதத்தையும் உறையில் போட்டுக் கொடுத்தார். முகத்தில் உண்மையான சந்தோசம்.

"பாத்தீரே பிள்ளை," என்றார் கௌரியிடம். "அந்த எழுபத்தைஞ்சு ரூபாவிலை மிச்சம் பிடிக்கலாமெண்டு நான் சொன்னதுக்கு இதைவிட என்ன அத்தாட்சி வேணும்?"

கௌரி பற்றுச்சீட்டை மடித்து உறைக்குள் வைத்தாள்.

"ஓம் சேர்," என்றாள்.

அவளுடைய குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. கேற்றைத் தாண்டி, கடற்கரைப் பக்கம் திரும்பி, அவளுடைய பாறைகள் தெரிகிற இடத்துக்கு வந்ததும் நடுரோட்டில் நின்று அழுதது நான்தான்.